ஓடுகிற வண்டி

சென்ற மாதம் என் மனைவிக்காக நடந்த இரங்கல் கூட்டத்தில், அவள் பணியாற்றிய பழைய அறக்கட்டளையைச் சேர்ந்த ஒருவர் பேசினார். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களுக்கு மருத்துவம் பார்க்க அவள் ஏறிப்போன அமெரிக்க வேன், அவளுடைய கைராசியால்தான் அத்தனை ஆண்டுகள் ஓடியது என்றார். கூடியிருந்தவர்கள் தலையசைத்தார்கள். நான் முன்வரிசையில் அமர்ந்திருந்தேன். மறுத்துப் பேசுவதற்கான இடம் அதுவல்ல என்பதால் பேசவில்லை. இப்போது மறுக்கிறேன்.

அந்த வேன் ராசியால் ஓடவில்லை. அதன் இன்ஜினுக்குள் கட்டைவிரல் பருமனில் பன்னிரண்டு இரும்பு உருளைகள் இருந்தன. அவை கெட்டபோது, கெட்டது எது என்று கண்டறிந்து மாற்றினோம். அதற்கு முன்பாக, வண்டி இனி உதவாது என்று தட்டச்சு செய்து நீட்டப்பட்ட ஒரு தாளில் அவள் கையெழுத்திட மறுத்தாள். நடந்தவை இவ்விரண்டுமே. ராசி என்ற சொல் இரண்டையும் அழித்துவிடுகிறது. அழிய விட எனக்குச் சம்மதமில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக எழும்பத் தொடங்கியிருந்தன. நாங்கள் கவரைப்பேட்டையில், ரயில் நிலையத்துக்கு அருகில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். நான் நாள்தோறும் ரயிலேறிச் சென்னைக்குச் சென்று, பொறியியல் கல்லூரியில் உலோகவியல் கற்பித்தேன். அவள் ஊரிலேயே அறக்கட்டளை நடத்திய சிறு மருந்தகத்தின் மருத்துவர். வாரத்தில் மூன்று நாள் மருந்துப் பெட்டிகளோடு வேனில் ஏறி, புதுவாயலைக் கடந்து, பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போவாள். படகுத்துறையில் வேன் நிற்கும். சுற்றியுள்ள குப்பங்களிலிருந்து மக்கள் அங்கே வந்து காத்திருப்பார்கள். அவர்களுக்கு வேறு மருத்துவர் இல்லை. வேறு வண்டியும் இல்லை.

அந்த வேன் அறுபதுகளின் இறுதியில் கடல்கடந்த ஏதோ ஒரு தரும சபை அனுப்பிய அன்பளிப்பு. அதில் இரண்டு விசித்திரங்கள் உண்டு. முதலாவது, இன்ஜின் முன்னால் தனியாக இல்லாமல் வண்டிக்குள்ளேயே, முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவில், ஒரு தகரக் கூண்டின் கீழ் இருந்தது. அந்தக் கூண்டின்மேல் நோயாளிகளின் பதிவேட்டை வைத்துக்கொண்டு அவள் எழுதுவாள். மழைக்காலத்தில் அந்தச் சூடு இதமாக இருக்கும் என்பாள். சித்திரையில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டாள். இரண்டாவது, ஸ்டீயரிங் இடப்பக்கத்தில் இருந்தது. நம் சாலையில் இடப்பக்கம் ஓட்டிச் செல்லும் ஒருவர், முன்னால் போகும் வைக்கோல் வண்டியையோ லாரியையோ முந்தவேண்டுமானால், எதிரில் வருவது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது. வலப்பக்க இருக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

ஆகவே ஓட்டுநருக்கும் அவளுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஓட்டுநர் பழவேற்காட்டைச் சேர்ந்த மீனவக் குடும்பத்தவர். லாரி ஓட்டப் பழகி ஏரியை விட்டு வந்தவர். முந்தும் நேரத்தில் அவர் "அம்மா?" என்பார். அவள் எட்டிப் பார்த்து "போலாம்" என்பாள். அல்லது "இருங்க" என்பாள். இந்த இரண்டு சொற்களை நம்பித்தான் கல்கத்தா சாலையில் அந்த வண்டி ஓடியது. அவள் குரல் தாழ்ந்த குரல். எங்கள் திருமணமான நாளிலிருந்து அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு அது தேவைப்படுகிறது.

அந்த ஆண்டு இன்ஜினில் ஒரு தட்டல் எழுந்தது. முதலில் காலை வேளையில் மட்டும், தையல் இயந்திரம் ஓடுவதுபோலக் கேட்டது. சில வாரங்களில் அது தகரக் கூரையில் கல்மாரி பெய்வதுபோல ஆயிற்று. ஒரு லாரிக்காரரின் யோசனைப்படி ஓட்டுநர் தடித்த எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். இரண்டு நாள் அடங்கிப் பிறகு இரட்டிப்பாக எழுந்தது. கூண்டு வண்டிக்குள்ளேயே இருந்ததால், அத்தனை சத்தமும் அவர்கள் இருவருக்கும் இடையில்தான் அமர்ந்திருந்தது.

நடக்கக் கூடாதது ஒருநாள் ஏறக்குறைய நடந்தது. வைக்கோல் வண்டியொன்றின் பின்னால் போகையில் அவள் "போலாம்" என்றாள். வேன் வலப்பக்கம் ஏறிய கணத்தில் எதிரே ஒரு லாரி திரும்பியது. "இருங்க" என்றாள். அந்தச் சொல் அவரை எட்டவில்லை. அவள் கையால் ஸ்டீயரிங்கைத் தட்ட, வேன் சாலையை விட்டிறங்கி வயற்சேற்றில் முகம் புதைத்து நின்றது. யாருக்கும் காயமில்லை. மருந்துப் புட்டிகள் மட்டும் உடைந்தன. வீட்டுக்கு வந்தவள் என்னிடம் புட்டிகளின் எண்ணிக்கையை மட்டுமே சொன்னாள். மீதியை ஓட்டுநரிடமிருந்து மறுநாள் தெரிந்துகொண்டேன்.

அறக்கட்டளையின் செயலாளர் அப்பகுதியில் நிறைய நெல்வயல் உள்ளவர், மரியாதை தெரிந்தவர், கெட்டவர் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. வேனைப் புதுவாயலில் இருந்த ஒரு பட்டறைக்கு அனுப்பினார். அந்தப் பட்டறைக்காரர் அம்பாசிடரையும் லாரியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுபவர். அந்த வண்டிகளில் வால்வை அழுத்தும் கரத்துக்கும் வால்வுக்கும் நடுவே மெல்லிய தகடு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப் பூட்டவேண்டும். இதிலும் அவர் அவ்வாறே செய்தார். சத்தம் முன்பைவிட மோசமாயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு அவர் செயலாளரிடம் சொன்னதை ஓட்டுநர் எங்களுக்கு அப்படியே நடித்துக் காட்டினார்: "இன்னா நைனா பண்றது? இது அமெரிக்காகாரன் கையால பொறந்தது. அவன் கையாலதான் சாவும். இன்ஜின எறக்கணும், எறக்கினா ஏத்தறதுக்கு ஒண்ணும் இருக்காது."

மறுவாரம் அந்தத் தாள் வந்தது. வேன் பழுதுபார்க்கத் தகுதியற்றது, ஓட்டுவது பாதுகாப்பற்றது என்று மருத்துவ அலுவலர் சான்றளிக்கிறார் என்றிருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விடப்பட்டிருந்தது. வேனை ஏலம் விட்டு, வந்ததைக் கொண்டு மருந்தகத்துக்கு ஓர் அறை கட்டலாம் என்பது செயலாளரின் எண்ணம். குப்பத்து மக்கள் பேருந்தில் கவரைப்பேட்டைக்கு வந்து மருத்துவம் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். பிரசவ வலி கண்டவள் படகேறி, பேருந்து மாறி, எப்படி வருவாள் என்று என் மனைவி கேட்டாள். தாள் மேசைமேலேயே இருந்தது.

"சத்தத்தைக் கேளுங்கம்மா, அதுவே சொல்லுது" என்றார்.

"சத்தம் போடற பேஷன்ட்டுக்கு நான் பயப்படறதில்லை. சத்தம் நின்னாத்தான் பயப்படுவேன். உயிரோட இருக்கிற ஆளுக்கு டெத் சர்டிபிகேட் எழுதறது என் வழக்கமில்லை" என்றாள்.

செயலாளர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவகாசம் தந்தார். அதற்கடுத்த திங்கட்கிழமை தாமே ஏறி உட்கார்ந்து பார்ப்பதாகவும், அன்று இதே நிலை என்றால் அவள் கையெழுத்திட வேண்டுமென்றும் ஏற்பாடு. வீட்டுக்கு வந்து இதை என்னிடம் சொன்னபோது, நான் உதவுவேனா என்று அவள் கேட்கவில்லை. என் பழைய வேட்டி எது என்று மட்டும் கேட்டாள்.

முதல் ஞாயிறு, மருந்தகத்தின் பின்புறத்துப் புளியமரத்தடியில் கூண்டைக் கழற்றினோம். சத்தத்தைக் கேட்டவுடன் பெயர் சூட்டுவது பட்டறைகளின் வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கல்லூரியின் வாகனக் கூடத்திலிருந்து ஒரு டைமிங் லைட்டை இரவல் வாங்கியிருந்தேன். முதல் சிலிண்டரின் பொறி தட்டும்போதெல்லாம் மின்னும் விளக்கு அது. இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறை மின்னும். வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் திறக்கும். அடியிலுள்ள பேரிங் தேய்ந்து தட்டினாலோ ஒவ்வொரு சுற்றிலும் தட்டும். அப்படியானால் ஒரு மின்னலுக்கு இரண்டு தட்டல் கேட்கவேண்டும். அவளும் ஓட்டுநரும் நானும் விளக்கைப் பார்த்துக்கொண்டு காதைக் கொடுத்தோம். உரத்த தட்டல் ஒரு மின்னலுக்கு ஒன்றாகவே விழுந்தது. இன்ஜினின் அடிப்பாகம் நலமாக இருந்தது. இறக்கவேண்டியதில்லை. கோளாறு மேலே, வால்வுகளின் பக்கம்.

பிறகு மேல்மூடியைத் திறந்து, இன்ஜினை மெதுவாக ஓடவிட்டேன். பட்டறைக்காரர் விட்டிருந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் தெரிந்தது. அவரைக் குறைசொல்ல மாட்டேன். அவருக்குத் தெரிந்த வண்டிகளுக்கு அதுவே சரி. இந்த வண்டியில் அந்த இடைவெளியை நிரப்புவதற்கென்றே ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு ஹைட்ராலிக் லிஃப்டர் இருந்தது. அது ஓர் உருளை; அதற்குள் ஒரு சிறு பிஸ்டனும் சுருளும். இன்ஜின் எண்ணெய் அதற்குள் ஏறி, பிஸ்டனை உயர்த்தி, இடைவெளியை ஒன்றுமில்லாமல் செய்யும். மனிதர் இடைவெளி விட்டால் அதற்கு வேலை செய்ய இடமில்லை. நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கி, தட்டல் நிற்கும் இடத்தைக் கண்டு, அதற்குமேல் ஒரு சுற்றுக் கொடுத்தேன். ஒன்பது அடங்கின. மூன்று அடங்கவில்லை. அந்த மூன்றிலும் கரத்தின் நுனிக்கடியில் மெல்லிய தகட்டை நுழைத்தால் சத்தம் மங்கியது, எடுத்தால் திரும்பியது. சந்தேகத்துக்கு இடமில்லை. எண்ணெயை வடித்தபோது, அது தார்போல இறங்கியது. அந்த மூன்றின் பிஸ்டன்களும் கசடேறி ஒட்டிக்கொண்டிருந்தன என்று புரிந்தது.

இரண்டாம் ஞாயிறு, பக்கவாட்டு மூடியைத் திறந்து பன்னிரண்டு லிஃப்டர்களையும் வெளியே எடுத்தோம். ஒவ்வொன்றையும் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தோம். மருந்தகத்தில் வாயகன்ற காலி மாத்திரைப் புட்டிகள் இருந்தன. ஒரு புட்டிக்கு ஒரு லிஃப்டர் என்று, சுத்தமான எண்ணெயில் ஊறப்போட்டேன். மனைவி புட்டிகளின்மேல் பிளாஸ்திரி ஒட்டி, நான் சொல்லச் சொல்ல ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதினாள். மறுநாள் மாலை கல்லூரியிலிருந்து வந்ததும் பூட்டுவதாகச் சொல்லிவிட்டு எழுந்தேன்.

திங்கட்கிழமை காலையில் நான் ரயிலேறிய பிறகு, குப்பத்திலிருந்து ஆள் வந்தது. நிறைமாதக்காரி ஒருத்திக்கு உடல்நிலை சரியில்லை. ஓட்டுநர் காத்திருக்கவில்லை. லிஃப்டர்களைத் தாமே பூட்டி, மூடிகளைப் போட்டு, நண்பகலுக்குள் என் மனைவியைப் படகுத்துறைக்குக் கொண்டுசேர்த்தார். பிரசவம் நல்லபடியாக முடிந்தது. மாலையில் நான் வந்தபோது வண்டி மெதுவான குரலில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பாராட்டினேன். அவசரத்தில் செய்ததானாலும் கை சுத்தமாக இருந்தது என்று சொன்னதாக நினைவு.

புதன்கிழமை பழையபடி தட்டியது. இம்முறை மூன்றல்ல, ஏழோ எட்டோ. ஓசையும் வேறு, எண்ணெயில்லாத வெறுமையின் தட்டல் அல்ல, இரும்பு இரும்பை அரைக்கும் ஓசை. வியாழனன்று அரைநாள் விடுப்பெடுத்து வந்து திறந்தேன். லிஃப்டரின் அடிப்பக்கம், லிஃப்டர்களைத் தூக்கியிறக்கச் சுழலும் கேம் ஷாஃப்ட்டின் மேட்டில் அமர்ந்து உராயும் முகம், ஒவ்வொன்றிலும் புதிதாகக் கீறியிருந்தது. இருபது ஆண்டு இரும்பைப் படித்தவனுக்கு அந்தக் கீறலின் பொருள் விளங்க ஒரு நிமிடம் போதும். விளங்கியதும் நான் பேசிய விதம் எனக்கு இன்றும் உவப்பானதல்ல. எண்களை மாற்றிப் பூட்டினீரா என்று கேட்டேன். அவர் தயங்கவே இல்லை.

"ஆமா சார். நான்தான் முறை மாத்தி வெச்சேன். ஒண்ணுல இருந்தத ரெண்டுல, ரெண்டுல இருந்தத மூணுல. ஒரே எடத்துல கெடந்தா அது மட்டும் தேஞ்சிக்கினே இருக்கும். நல்ல எடமும் எல்லாத்துக்கும் வரணும், கெட்ட எடமும் வரணும். எங்க ஏரில பாடு அப்டித்தான சார்?"

பாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அவளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பழவேற்காட்டு ஏரியில் இறால் வலை கட்டுவதற்கு நல்ல இடங்கள் சிலவே. அவற்றை யாரும் தமக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. முறைவைத்து மாறிக்கொள்வார்கள், இன்று நல்ல இடம் வாய்த்தவருக்கு அடுத்த முறை வேறிடம். சண்டை வராமல் பல தலைமுறை ஓடிய ஏற்பாடு. அந்த நியாயத்தைத்தான் அவர் என் லிஃப்டர்களுக்கும் வழங்கியிருந்தார்.

"புட்டியில் நம்பர் ஒட்டியிருந்தேனே" என்றேன்.

"ஒட்டுனீங்க. எதுக்குன்னு சொன்னீங்களா? பாடு எடத்துக்கும் நம்பர்தான் சார் போடுவோம். நம்பர் போடறதே மாத்தறதுக்குத்தான்."

மருந்தகத்தின் பின்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், எனக்கு ஆதரவாக ஒன்றும் சொல்லவில்லை. "இத்தனை வருஷமா பாடம் நடத்தறீங்க. ஏன்னு சொல்லாம நம்பரை மட்டும் ஒட்டினா உங்க பசங்க பாஸ் பண்ணுவாங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஏன் என்று அப்போதுதான் சொன்னேன். ஒவ்வொரு லிஃப்டரும் கேமின் ஒரே மேட்டில் ஆண்டுக்கணக்கில் உராய்ந்து, அதன் வடிவுக்குத் தன்னையும் தன் வடிவுக்கு அதையும் தேய்த்துக்கொள்கிறது. ஒன்றின் மேடுபள்ளம் மற்றதற்குத்தான் பொருந்தும். இடம் மாற்றினால் இரண்டும் ஒன்றையொன்று அரைத்துவிடும். ஓட்டுநர் ஒரு லிஃப்டரைக் கையிலெடுத்து அதன் அடிப்பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அப்ப இது பாடு இல்ல சார், கல்யாணம்" என்றார்.

பழைய லிஃப்டர்கள் இனி எந்த இடத்துக்கும் ஆகா. கேம் தப்பியதா என்பதே கேள்வி. அளவுமானி ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு மேடும் எவ்வளவு உயர்த்துகிறது என்று அளந்தேன். மூன்று நாள் தவறான துணையோடு உராய்ந்தும் பன்னிரண்டும் ஏறக்குறைய ஒரே உயரம் காட்டின. முகத்தில் மெல்லிய கோடுகள் இருந்தன, ஆழமில்லை. புதிய கேம் போட்டால்தான் புதிய லிஃப்டர் என்று புத்தகங்கள் சொல்லும். அந்தப் புத்தகங்கள் என்னிடம் இருந்தன. புதிய கேம் கவரைப்பேட்டையில் இல்லை, சென்னையிலும் இல்லை. புத்தகத்துக்கு எதிராகப் போவதென்று முடிவு செய்தேன். என் தொழிலில் அப்படிச் செய்தது அந்த ஒருமுறைதான்.

வெள்ளியும் சனியும் கல்லூரி முடிந்ததும் புதுப்பேட்டைக்குப் போனேன். இறந்துபோன வண்டிகளின் உறுப்புகள் அங்கே தெருவெங்கும் குவிந்து கிடக்கும். ஒரு கடைக்காரர் கோணிப்பை நிறைய லிஃப்டர்களை என் முன்னால் கொட்டினார். எல்லாம் பழையவை, எந்தெந்த இன்ஜினிலிருந்தோ கலந்தவை. வேண்டாமென்றேன். இரும்புக்குப் பழசு புதுசு உண்டா என்று அவர் கேட்டார். உண்டு என்றேன். என்னை ஒரு பேஜாரு பிடித்த ஆள் என்று அவர் பக்கத்துக் கடைக்கு அறிவித்தது என் காதில் விழுந்தது. சனிக்கிழமை மாலை, அதே கடையின் பின்னறையில், யாருக்காகவோ வரவழைத்து அவர் வந்து வாங்காமல் போன ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. திறக்கப்படாதது. எண்ணெய்த் தாளில் சுற்றிய பன்னிரண்டு. அளவு பொருந்தியது. ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்றாம் ஞாயிறு. இம்முறை ஒவ்வொரு வேலைக்கும் முன்னால், ஏன் என்பதைச் சொன்னேன். லிஃப்டரின் அடியில் ஆய்வுக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கறுத்த மசகைப் பூசினோம்: முதல் நிமிடங்களில்தான் புது முகம் கீறல்படும் என்பதால். எண்ணெய்க்குள் முக்கி, பிஸ்டனை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினோம்: காற்று இருந்தால் அது அமுங்கும், எண்ணெய் அமுங்காது என்பதால். நட்டை இறுக்கும்போது, லிஃப்டரையும் மேற்கரத்தையும் இணைக்கும் மெல்லிய தண்டை இரு விரல்களால் உருட்டிக்கொண்டே இருக்கவேண்டும். இடைவெளி தீரும் கணத்தில் உருட்டல் மாறும். அந்தக் கணம் என் விரல்களுக்குத் தாமதமாகவே தெரிந்தது. ஓட்டுநருக்கு உடனே தெரிந்தது. வலைக்கயிற்றில் மீன் தொடுவதை இருட்டில் உணர்ந்து வளர்ந்த விரல்கள். "இப்ப" என்பார், நான் நிறுத்தி, ஒரு சுற்றுக் கொடுப்பேன். பன்னிரண்டு முறை "இப்ப".

புது லிஃப்டர் பூட்டிய இன்ஜினை முதல்முறை மெதுவாக ஓடவிடக் கூடாது. வேகமாகச் சுற்றினால்தான் எண்ணெய் மேடுகளின்மேல் தெறிக்கும். இருபது நிமிடமாவது அப்படி ஓடவேண்டும். ஓட்டுநர் இன்ஜினைக் கிளப்பி ஆக்சிலரேட்டரை மிதித்தார். பன்னிரண்டும் ஒன்றாகத் தட்டின. அந்த ஓசையில் காக்கைகள் புளியமரத்தை விட்டுப் பறந்தன. ஓட்டுநர் காலை எடுக்கப்போனார். எடுக்காதீர்கள் என்று கையால் காட்டினேன். என் கையே எனக்கு நம்பிக்கை தரவில்லை. மனைவி கூண்டு இருந்த இடத்துக்கருகில் வந்து, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள், நாடி பார்ப்பவளைப்போல. ஐந்தாம் நிமிடத்தில் ஓசை மெலிந்தது. ஒவ்வொன்றாக எண்ணெய் ஏறி, ஒவ்வொன்றாக அடங்கின. பத்தாம் நிமிடத்தில் ஒன்று மட்டும் மீதியிருந்தது. அது பதினேழாம் நிமிடம்வரை பிடிவாதம் பிடித்தது. பிறகு அதுவும் நின்றது. மின்விசிறியின் காற்றும் புகைக்குழாயின் மூச்சும் மட்டுமே கேட்டன. இருபது நிமிடம் ஆயிற்று என்று அவள் சொன்னாள். ஓட்டுநர் காலை எடுத்தார்.

திங்கட்கிழமை காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு செயலாளர் வந்தார். சட்டைப்பையில் அந்தத் தாள் இருந்தது. தம் தகுதிக்கேற்றது முன்னிருக்கைதான் என்று வலப்பக்கம் ஏறி அமர்ந்தார். அது அவள் இருக்கை. அவள் பின்னால் வந்து, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே, வலப்பக்க ஜன்னலையொட்டி உட்கார்ந்தாள். நான் அவளுக்கு எதிரில் அமர்ந்தேன். நான் விடுப்பெடுத்திருந்தேன்.

புதுவாயலைத் தாண்டியதும், அகலமாக வைக்கோல் ஏற்றிய மாட்டுவண்டியொன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். பழக்கத்தால் "அம்மா?" என்றார். கேட்டபிறகுதான் பக்கத்தில் இருப்பவர் யாரென்று அவருக்கு உறைத்திருக்கவேண்டும். செயலாளர் பசுமையான வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த ஏற்பாடு தெரியாது. முன்னிருக்கையில் இருப்பவருக்கு ஒரு வேலை உண்டு என்பதும் தெரியாது. நான் வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நான் மூடிக்கொண்டேன்.

ஜன்னல் வழியாக அவள் எட்டிப் பார்த்தாள். "இருங்க" என்றாள். சோறு பரிமாறும்போது என்னிடம் பேசும் அதே குரல். வேனின் கடைசி இருக்கையிலிருந்து, இன்ஜினைத் தாண்டி, மருந்துப் புட்டிகளின் குலுங்கலைத் தாண்டி அந்தச் சொல் போயிற்று. ஓட்டுநர் அசையவில்லை. எதிரிலிருந்து லாரியொன்று வந்து, எங்களை உரசுவதுபோலக் கடந்து போயிற்று. அவள் மறுபடியும் எட்டிப் பார்த்தாள்.

"போலாம்."

வேன் ஏறி, மாட்டுவண்டியைக் கடந்து, தன் பக்கத்துக்குத் திரும்பியது. கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரிந்தது. அவர் சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கப் பற்களைக் கடித்துக்கொண்டிருந்தார்.

செயலாளர் திரும்பிப் பார்த்தார். "யார்கிட்டம்மா பேசினீங்க?"

"டிரைவர்கிட்ட. அவருக்குக் கேட்டுச்சு" என்றாள்.

படகுத்துறையில் இறங்கி, காத்திருந்த வரிசையை அவர் ஒருமுறை பார்த்தார். தாளை வெளியே எடுக்கவேயில்லை. பின்கதவு ரொம்பவும் ஆடுகிறது, அதன் சத்தத்தையும் கவனிக்கவேண்டும் என்று மட்டும் சொன்னார். கவனிக்கிறோம் என்றேன். அன்று அவர் பேருந்தில் திரும்பினார். மற்றவர்கள் மாலைவரை இருந்தோம்.

அந்த வேன் அதன்பிறகும் பல ஆண்டுகள் ஓடியது. கடைசியில் இன்ஜின் அதைக் கைவிடவில்லை. ஏரியின் உப்புக்காற்று தரைத்தகட்டை அரித்து, பெட்டி வைத்த இடத்தில் சாலை தெரிந்தது. அப்போது யாரும் தாள் நீட்டவில்லை. அவளே கேட்டு வாங்கி, வண்டி ஓட்டத் தகுதியற்றது என்று எழுதிக் கையெழுத்திட்டாள். அதற்குள் வேறொரு வண்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டிருந்தாள். அவள் எழுதிய மரணச் சான்றுகளில் பொய்யானது ஒன்றுமில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

ஓட்டுநர் இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது, பின்வரிசையில் இருந்தார். கைராசி என்ற சொல் வந்தபோது நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் ஒருவர்தான் தலையசைக்காமல் இருந்தார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா சார் ராசி, கூடவே இருந்து பாத்த மாதிரி பேசறான்" என்றார்.

நோயின் இறுதி வாரங்களிலும் அவள் குரலை உயர்த்தவில்லை. தண்ணீர் கேட்டாலும், ஜன்னலைச் சாத்தச் சொன்னாலும், கேட்பவர் அமைதியாக இருந்தால் மட்டுமே எட்டும் குரல். அதனால் நான் வீட்டில் எந்தச் சத்தமும் இல்லாமல் வைத்திருந்தேன். மின்விசிறியின் கிறீச்சைக்கூட எண்ணெய் விட்டு நிறுத்தினேன். பிள்ளைகள் இப்போது, ஆளில்லாத வீட்டில் இவ்வளவு நிசப்தம் கூடாது, தொலைக்காட்சியையாவது ஓடவிடுங்கள் என்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். நான் ஓடவிடப் போவதில்லை.